எலியில் பிழைத்த கால் மனிதரில் பிழைக்குமா? கைகால் மாற்று ஆய்வில் விலங்குகளின் இடம்

வேறோர் எலியின் காலைப் பொருத்திய எலி மருந்தில்லாமலே அந்தக் காலுடன் வாழ்கிறது என்பது போன்ற ஆய்வுச் செய்திகள் கைத்தொலைபேசிகளில் அவ்வப்போது பகிரப்படுகின்றன. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கைகால் இழந்தவர்களும், நீரிழிவுப் புண் காரணமாகக் கால் அகற்றப்பட்டவர்களும் இல்லாத ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரிது. ஆகவே அத்தகைய செய்தியை வாசிக்கும் ஒருவர் "இது எங்களுக்கு எப்போது கிடைக்கும்?" என்று கேட்பது முற்றிலும் இயல்பானது. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், ஆய்வு எந்த விலங்கில் நடந்தது, அந்த விலங்கால் எதை அறிய முடியும், எதை அறிய முடியாது என்பவற்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மாற்றப்படுவது எது?

சிறுநீரகம், ஈரல், இதயம் ஆகியவற்றை மாற்றும்போது தனியோர் உறுப்பே இடம் மாறுகிறது. கை அப்படியன்று. தோல், கொழுப்பு, தசை, தசைநாண், என்பு, என்புமச்சை, மூட்டு, நரம்பு, குருதிக்கலன் ஆகிய பலவகை இழையங்கள் ஒரே துண்டாக இன்னொருவரின் உடலுக்குச் செல்கின்றன. இதனைக் கூட்டு இழைய மாற்று எனலாம். முகம், வயிற்றுச் சுவர் ஆகியவற்றின் மாற்றும் இந்த வகையைச் சேர்ந்ததே. இதில் தாண்ட வேண்டிய தடைகள் மூன்று.

1. குருதியோட்டம். துண்டிக்கப்பட்ட தசை சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குள் மீளமுடியாத சேதம் அடையத் தொடங்கும். ஆகவே நாடிகளையும் நாளங்களையும் விரைவாகத் தைத்து இணைக்க வேண்டும்.

2. நிராகரிப்பு. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி, கலங்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களைப் பார்த்து அது தன்னுடையதா பிறருடையதா என்று பிரித்தறிகிறது. பிறருடையது என்று கண்டால் தாக்கி அழிக்கிறது.

3. நரம்பு வளர்ச்சி. பொருத்தப்பட்ட கைக்குள் பெறுநரின் நரம்பு நார்கள் புதிதாக வளர்ந்து சென்றால் மாத்திரமே அது அசையும், உணரும். மனிதரில் அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்.

இவற்றுடன் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈரல் செயலிழந்தவருக்கு மாற்று ஈரல் கிடைக்காவிட்டால் உயிர் போகும். கை இல்லாதவர் கையில்லாமலும் வாழலாம். உயிரைக் காக்கும் சிகிச்சையொன்றுக்காக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆபத்தை, வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் சிகிச்சையொன்றுக்காக அதே அளவில் ஏற்றுக்கொள்ள முடியாது. கைகால் மாற்றில் விலங்கு ஆய்வுக்கு இத்தனை கனம் இருப்பது இதனாலேதான்.

நாயிலிருந்து சுண்டெலி வரை

முதலாவது தடையைத் தாண்ட வழிகாட்டியவர் பிரான்சைச் சேர்ந்த அலெக்சிஸ் கரல். குருதிக்கலன்களின் வெட்டு முனைகளை மூன்று புள்ளிகளில் இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையை அவர் 1902 இல் வெளியிட்டார். பின்னர் நாய்களில் சிறுநீரகத்தையும் காலையும் மாற்றிப் பார்த்தார். தையல் நிலைத்தது, உறுப்பு நிலைக்கவில்லை. 1912 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோதும், அந்த உறுப்புகள் ஏன் அழிந்தன என்பதற்கு எவரிடமும் தெளிவான விளக்கம் இருக்கவில்லை.

விளக்கம் தோலிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் தீக்காயமுற்றவர்களுக்குப் பிறரின் தோலை ஒட்டினால் அது ஏன் உதிர்ந்துபோகிறது என்பதைப் பீற்றர் மெடவர் ஆராய்ந்தார். முதல்முறை ஒட்டிய தோலைவிட, அதே கொடையாளியிடமிருந்து இரண்டாம் முறை ஒட்டிய தோல் விரைவாக அழிவதை அவர் கண்டார். முயல்களில் நடத்திய விரிவான பரிசோதனைகள் அதனை உறுதிசெய்தன. விரைவு கூடியதன் பொருள், உடல் முதல் அனுபவத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதே. ஆகவே நிராகரிப்பு நிர்ப்பீடனத்தின் செயல் என்பது தெளிவாயிற்று. 1945 இல் றே ஓவன், தாயின் வயிற்றில் குருதியோட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள் வளர்ந்த பின்னரும் ஒன்றின் குருதிக் கலங்களை மற்றொன்று தாங்கிக்கொள்வதைக் காட்டினார். 1953 இல் மெடவர் குழு, பிறக்குமுன்னரே அயல் கலங்கள் செலுத்தப்பட்ட சுண்டெலிகள் பின்னர் அதே கொடையாளி இனத்தின் தோலை ஏற்றுக்கொள்வதை நிறுவியது. மருந்தின் துணையின்றி உடல் அயல் இழையத்தைத் தன்னுடையதாகக் கொள்ளும் இந்த நிலையைச் சகிப்புநிலை என்போம். இன்றுவரை இத்துறை தேடிக்கொண்டிருப்பது அதைத்தான்.

எலி: இத்துறையின் பெரும்பகுதி இங்கேதான்

கைகால் மாற்று ஆய்வுகளில் எலியின் பின்னங்கால் மாற்றுக்கு முதலிடம் உண்டு. காரணம் விலை மாத்திரமன்று. ஆய்வுகூட எலி இனங்கள் பல தலைமுறைகளாக உடன்பிறப்புகளுக்குள் இனங்கலக்கப்பட்டு வளர்க்கப்பட்டவை. ஓர் இனத்தின் எலிகள் யாவும் ஒத்த இரட்டையரைப் போல ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவை. எனவே பிறவுண் நோர்வே என்னும் இனத்தின் காலை லூயிஸ் என்னும் இனத்துக்குப் பொருத்தும்போது, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒவ்வொரு முறையும் ஒரேயளவாக இருக்கும். லூயிஸ் எலியின் காலை இன்னொரு லூயிஸ் எலிக்குப் பொருத்தினால் நிராகரிப்பே இராது. அதில் கால் பழுதானால் பழுது தையலில் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தத் தெளிவை மனிதரில் ஒருபோதும் பெற முடியாது.

சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியின் கீழ் நடைபெறும். எலியின் தொடை நாடி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் விட்டமுடையது. தலைமயிரிலும் மெல்லிய நூலால் அது தைக்கப்படும். கால் பிழைத்த பின்னரும் ஒரு தொல்லை உண்டு: உணர்ச்சியற்ற காலை எலி தானே கடித்துக் குதறிவிடும். அதைத் தடுக்கக் கழுத்துப் பட்டி அணிவிக்க வேண்டும். பராமரிப்பின் தரம் ஆய்வின் முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

எலி தந்த அறிவில் முக்கியமானதாக நான் கருதுவது, அன்ட்ரூ லீயும் சக ஆய்வாளர்களும் 1991 இல் வெளியிட்ட ஆய்வு. காலின் ஒவ்வோர் இழையத்தையும் தனித்தனியாகவும், முழுக் காலாகவும் மாற்றிப் பார்த்தபோது, நிர்ப்பீடனத்தை மிகுதியாகத் தூண்டுவது தோலே என்பது தெரிந்தது. அத்துடன், முழுக் கால் அதன் தனிப் பாகங்களைவிட மெதுவாகவே நிராகரிக்கப்பட்டது. தோல் அடங்கிய எந்த மாற்றும் தோல்வியடைந்தே தீரும் என்றிருந்த பரவலான எண்ணத்தை இது தளர்த்தியது.

ஆயினும், எலியில் பெற்ற வெற்றியை மனிதருக்கு அப்படியே நீட்ட முடியாமைக்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

1. மனிதரிலும் பன்றியிலும் குருதிக்கலன்களின் உட்சுவரிலுள்ள கலங்கள், நிர்ப்பீடனக் கலங்களைத் தூண்டும் இரண்டாம் வகுப்பு அடையாளப் புரதங்களை இயல்பாகவே தாங்கியிருக்கின்றன. எலியிலும் சுண்டெலியிலும் அவை இயல்பான நிலையில் அங்கே இல்லை. பெறுநரின் குருதி முதலில் தொடும் இடமே குருதிக்கலனின் உட்சுவர் என்பதால், எலியில் அந்த முதற் சந்திப்பு மனிதரில் இருப்பதைவிடச் சாந்தமாக அமைகிறது.

2. ஆய்வுகூட எலிகள் கிருமிகள் கட்டுப்படுத்தப்பட்ட கூடங்களில் வளர்பவை. வளர்ந்த மனிதரோ பல தொற்றுகளையும் தடுப்பூசிகளையும் கண்டவர். அவற்றால் உருவான நினைவுக் கலங்கள் சில, அயல் இழையத்தையும் பழைய எதிரியென எண்ணித் தாக்கக்கூடும். சகிப்புநிலையை உருவாக்கும் முயற்சிகள் சுண்டெலியில் பலித்து மனிதரில் பலிக்காமைக்கு இது ஒரு பெரிய காரணம்.

3. எலியின் தோல் தளர்வானது. அதன் அடியிலே மெல்லிய தசைப் படலமொன்று உண்டு. காயம் பெரும்பாலும் சுருங்கி ஆறுகிறது. மனிதத் தோலின் அமைப்பும் ஆறும் விதமும் வேறு.

4. எலியின் பின்னங்கால் அதன் உடலில் கணிசமான பங்கு. நிர்ப்பீடனக் கலங்கள் பிறக்கும் இடமான அதன் என்புமச்சையும் அவ்வாறே. மனிதக் கை உடல் நிறையில் 1 வீதத்துக்கும் குறைவு. காலோடு சேர்ந்து வந்த மச்சைக் கலங்கள் எலியில் சகிப்புநிலைக்கு உதவினால், அதே உதவி மனிதக் கையிலிருந்து கிடைக்கும் என்று கொள்ள இடமில்லை.

5. எலி ஆய்வுகளில் 100 நாள் பிழைத்த உறுப்பை "நீண்டகாலம் பிழைத்தது" என்று எழுதுவது வழக்கம். கை பெறும் இளைஞர் ஒருவருக்கு அது 40 ஆண்டுகள் நிலைக்க வேண்டும். குருதிக்கலன்களின் சுவர் மெல்லத் தடித்து அடைபடும் நாட்பட்ட நிராகரிப்பு 100 நாளில் முழுமையாக வெளிப்படாது.

நரம்பு பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். எலியின் நரம்பு மனித நரம்பைவிட விரைவாக வளர்வது. செல்ல வேண்டிய தூரமோ சில சென்ரிமீற்றர்தான். எலி கால் ஊன்றி நடந்தது என்பது உண்மையாயினும், மனிதர் நடப்பார் என்பதற்கு அது சான்றாகாது.

பன்றி

தோலைப் பொறுத்தவரை மனிதருக்கு மிக நெருங்கிய ஆய்வுகூட விலங்கு பன்றி. அதன் தோல் கீழுள்ள இழையத்துடன் இறுகப் பொருந்தியது. குருதிக்கலன்களின் அளவும் மனிதரை ஒத்தது. உட்சுவர்க் கலங்களின் அடையாளப் புரதங்கள் பற்றி மேலே சொன்ன வேறுபாடும் இங்கே இல்லை. டேவிட் சக்ஸ் உருவாக்கிய குறுவகைப் பன்றி மந்தையில் அடையாளப் புரதங்களுக்கான பரம்பரையலகுகள் வரையறுக்கப்பட்டிருப்பதால், எலியில் கிடைத்த தெளிவின் ஒரு பகுதி பன்றியிலும் கிடைக்கிறது.

இப்பன்றிகளில் நடந்த ஆய்வுகள் எலி காட்டாத ஒன்றைக் காட்டின. மாற்றப்பட்ட துண்டின் தசையையும் என்பையும் உடல் ஏற்றுக்கொண்டிருக்க, மேற்றோல் மாத்திரம் நிராகரிக்கப்பட்டு உரிந்தது. இதைப் பிளவுபட்ட சகிப்புநிலை என்கிறார்கள். கையைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. தோல் இல்லாத கை கையாகாது.

பன்றி ஆய்வுகளை வாசிப்போர் கவனிக்க வேண்டிய நுணுக்கமொன்று உண்டு. கனமான விலங்கு ஆகையால், காலை அகற்றி அதே இடத்தில் இன்னொரு காலைப் பொருத்துவது கடினமானது, கொடுமையானதுங்கூட. எனவே தோல், தசை, என்பு அடங்கிய துண்டொன்றைக் கழுத்திலோ வயிற்றுச் சுவரிலோ பொருத்துவது பொதுவான முறை. துண்டு பிழைக்கிறதா என்பதற்கு அங்கே பதில் கிடைக்கும். அது இயங்குமா என்பதற்குக் கிடைக்காது. செய்தித் தலைப்பில் "கால் மாற்று வெற்றி" என்று வருவது, ஆய்வில் இத்தகைய துண்டொன்றாக இருக்கலாம்.

நாயும் குரங்கும்

சியாற்றில் நகர ஆய்வாளர்கள் என்புமச்சை மாற்றை நாய்களில் நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். டொனல் தோமசுக்கு 1990 இல் கிடைத்த நோபல் பரிசின் பின்னணியில் அந்த உழைப்பு இருக்கிறது. சிறுநீரக மாற்றை நாய்களில் பயின்று, 1954 டிசம்பரில் பொஸ்ரனில் ஒத்த இரட்டையரிடையே வெற்றிகரமாகச் செய்த ஜோசப் மறே அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாய்களில் கிடைத்த மச்சை அறிவு பின்னர் கூட்டு இழைய ஆய்வுக்கும் பயன்பட்டது.

குரங்கு மனிதருக்கு மிக நெருங்கியது. ஆகவே அதில் கிடைக்கும் விடை மிகச் சரியாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்னும் நிர்ப்பீடன அடக்கு மருந்தைக் கொடுத்துக் குரங்குகளிலும் பபூன்களிலும் கை மாற்று முயலப்பட்டது. மிகுந்த அளவு மருந்து கொடுத்தும் நிராகரிப்பு வந்தது, முடிவுகள் ஊக்கமளிக்கவில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பின்னர் நடந்த முக இழைய மாற்று ஆய்வுகளில், டக்ரோலிமஸ் என்னும் இன்னொரு நிர்ப்பீடன அடக்கு மருந்தின் கீழ் இழையம் நெடுநாள் பிழைத்த குரங்குகளில் நிணநீர்க் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய் தோன்றியது. என்புமச்சையும் சேர்ந்த துண்டுகள் கூடுதலாக நிலைத்தன என்பதையும் அக்குழு கண்டது.

மனிதரில் நடந்தது என்ன?

1964 இல் எக்குவடோரில் ஒருவருக்குப் பொருத்தப்பட்ட கை, அன்றிருந்த மருந்துகளின் கீழ், சில வாரங்களுக்குள் அகற்றப்பட்டது. அதன் பின் நீண்ட இடைவெளி. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லூயிவில் குழு, பன்றியின் முன்காலிலிருந்து எடுத்த தோல், தசை, என்புத் துண்டை மூன்று மருந்துகளின் கூட்டால் காப்பாற்ற முடியும் என்று காட்டியது. 1998 செப்ரெம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ஜோன் மிஷேல் டுபர்னாட் தலைமையிலான குழு கை மாற்றைச் செய்தது. அந்த நோயாளர் பின்னர் மருந்தை ஒழுங்காக எடுக்காமையால் கை நிராகரிக்கப்பட்டு, 2001 இல் அவரது வேண்டுகோளின்படியே அகற்றப்பட்டது. லூயிவில்லில் 1999 இல் செய்த மாற்று நிலைத்தது. நமக்கு அண்மையில், 2015 இல் கொச்சி அமிர்தா வைத்தியசாலையிலும், 2018 இல் சென்னை ஸ்ரான்லி அரச வைத்தியசாலையிலும் கை மாற்றுகள் நடந்தன.

இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டிய உண்மையொன்று இருக்கிறது. மருந்தில்லாச் சகிப்புநிலை எளிது என்று எலி காட்டியது. மனிதரில் அது கைகூடவில்லை. கை மாற்று கிட்டத்தட்ட முடியாத காரியம் என்று குரங்கு காட்டியது; மனிதரில் அது முடிந்தது. இதனால் விலங்கு ஆய்வு வீணென்று ஆகிவிடாது. ஒவ்வொரு விலங்கும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மாத்திரமே பதில் சொல்கிறது. குரங்கில் தோற்றது அன்றைய மருந்து. மனிதரில் வென்றது பிற்கால மருந்துக் கூட்டு.

விலங்கிலிருந்து மனிதருக்கு அறிவு ஒழுங்காக நகர்ந்த எடுத்துக்காட்டும் உண்டு. 1991 இல் எலியின் கால் இழையங்களை ஒப்பிட்ட அன்ட்ரூ லீ பின்னர் பிற்ஸ்பேர்க்கில், கொடையாளியின் என்புமச்சைக் கலங்களையும் சேர்த்துச் செலுத்தி, டக்ரோலிமஸ் என்னும் ஒரே மருந்துடன் கையைக் காக்கும் முறையை 2009 முதல் மனிதரில் கையாண்டார். இடையில் கழிந்தவை 18 ஆண்டுகள். அப்போதும் மருந்தைக் குறைக்கவே முடிந்தது, நிறுத்த முடியவில்லை.

பன்றியின் உறுப்பும் பன்றியில் செய்த ஆய்வும் ஒன்றல்ல

2022 ஜனவரியில் மேரிலாந்தில், 10 பரம்பரையலகு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயம் மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பொஸ்ரனில் பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இச்செய்திகளையும் மேலே சொன்னவற்றையும் பலர் ஒன்றாக்கிக் கொள்கிறார்கள். அங்கே பன்றி கொடையாளி. கைகால் ஆய்வில் பன்றி மனிதருக்குப் பதிலாக நிற்கும் பெறுநர். மனிதருக்கு விலங்கின் கையையோ காலையோ பொருத்தும் நோக்கம் இவ்வாய்வுகளில் இல்லை.

விலங்குகளைத் தவிர்க்க முடியாதா?

கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. 1959 இல் ரசலும் பேர்ச்சும் முன்வைத்த மூன்று கடப்பாடுகள் இன்று உலகெங்கும் ஆய்வு அனுமதிக்கு அடிப்படை: விலங்குக்குப் பதிலாக வேறு வழி இருந்தால் அதைக் கையாள்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைக் குறைத்தல். தையற் பயிற்சிக்கு இப்போது செயற்கைக் குழாய்கள் பயன்படுகின்றன. 2015 இல் பொஸ்ரன் ஆய்வாளர்கள் எலியின் முன்காலிலிருந்து கலங்களை முற்றாகக் கழுவி நீக்கி, எஞ்சிய சட்டகத்தில் புதிய கலங்களை வளர்த்தார்கள். நிராகரிப்பே எழாத கைக்கு இது ஒரு நெடுந்தூரத் தொடக்கம். ஆனால் நிராகரிப்பு என்பது மச்சை, நிணநீர்க்கணு, மண்ணீரல், குருதி அனைத்தும் சேர்ந்து நிகழ்த்துவது. அதைக் கண்ணாடித் தட்டில் முழுமையாக உருவாக்க இன்றுவரை வழியில்லை. ஆகவே விலங்கு ஆய்வு தேவைப்படுகிறது என்பது என் கருத்து. தேவைப்படும்போது, விடை காணத் தகுதியில்லாத விலங்கில் கேள்வியைக் கேட்பதே அறம் பிழைத்த செயல் என்பதும் என் கருத்து.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு

கிடைத்திருக்கும் அறிவை இங்குள்ள நிலைமையுடன் பொருத்திப் பார்த்தால் தெரிபவை இவை.

1. கண்ணிவெடி பறிப்பது பெரும்பாலும் காலை. உலகில் செய்யப்பட்ட கூட்டு இழைய மாற்றுகளில் பெரும்பங்கு கையும் முகமும். 2011 இல் ஸ்பெயினின் வலென்சியாவில் இரு கால்கள் மாற்றப்பட்டன. வேறு நோய்க்காக நிர்ப்பீடன அடக்கு மருந்தை நிறுத்த நேர்ந்ததால் அவை பின்னர் அகற்றப்பட்டன. நாளுக்கு 1 மில்லிமீற்றர் என்ற கணக்கில், தொடையின் நடுவிலிருந்து பாதம் வரை 60 சென்ரிமீற்றரைக் கடக்க நரம்புக்கு 600 நாட்கள் தேவை; அதற்குள் நரம்பிழந்த தசை தேய்ந்து மீளும் திறனை இழந்துகொண்டிருக்கும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரையான தூரத்துக்கு ஆறு, ஏழு மாதங்கள் போதும். கைக்குக் கிடைத்த வெற்றி காலுக்குக் கிடைக்காமைக்கு இந்தக் கணக்கே ஒரு முக்கிய காரணம்.

2. டக்ரோலிமஸ் சிறுநீரகத்தைப் பாதிப்பதோடு நீரிழிவையும் உண்டாக்கக்கூடியது. நீரிழிவால் கால் இழந்த ஒருவருக்கு, நீரிழிவை மோசமாக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் கொடுக்க எந்த மருத்துவரும் முன்வரமாட்டார். அவருக்கு உதவுவது பாதப் பராமரிப்பும், எஞ்சிய காலைக் காப்பதும், பொருந்திய செயற்கைக் காலும் ஆகும்.

3. கை பெற்றவர்களில் ஏறத்தாழ 85 வீதத்தினருக்கு முதல் ஆண்டிலேயே ஒரு தடவையாவது கடும் நிராகரிப்பு வருகிறது. தோலில் தோன்றும் சிவப்பைக் கண்டவுடன் இழையத்தை வெட்டியெடுத்து, மாற்று உறுப்புகளின் நோயியலை வகைப்படுத்தும் பன்வ் (Banff) மாநாட்டில் 2007 இல் வகுத்த தரப்படுத்தலின்படி நோயியல் நிபுணர் பார்த்து, மருந்தின் அளவை உடனே மாற்ற வேண்டும். மருந்தின் குருதி மட்டத்தையும் ஒழுங்காக அளக்க வேண்டும். காசநோயும், மாரிகாலத்தில் டெங்கும் பரவும் இடத்தில் நிர்ப்பீடனம் அடக்கப்பட்டவரைக் காப்பது தனிப் பொறுப்பு.

4. சட்டத்தின் அடிப்படை இலங்கையில் முன்பே உண்டு. 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டத்தின் கீழ் இறந்தவரின் உறுப்புகள் கொடையாகப் பெறப்படுகின்றன. விழிவெண்படலத்தை வெளிநாடுகளுக்கும் கொடுத்த நாடு இது. ஆயினும் கண்ணையோ சிறுநீரகத்தையோ கொடுக்க இசையும் குடும்பம், உடலை இறுதிக்கிரியைக்கு வைக்கும் வேளையில் கண்ணுக்குத் தெரியும் கையைக் கொடுக்க இசைவது வேறு விடயம். கைக்கொடை நடக்கும் நாடுகளில் உடலுக்குச் செயற்கைக் கை பொருத்தியே உறவினரிடம் ஒப்படைக்கிறார்கள்.

அடுத்த முறை எலியின் காலைப் பற்றிய செய்தி வரும்போது அதில் தேட வேண்டிய விபரங்கள் நான்கு: ஒரே இனத்து எலிகளா வேறு இனத்தவையா, தோல் பிழைத்ததா உள்ளிழையம் மாத்திரமா, மருந்து நிறுத்தப்பட்டு எத்தனை நாள், பன்றியிலோ குரங்கிலோ அதே முறை மீளச் செய்யப்பட்டதா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது விடையானால், அந்த முறை மனிதரை வந்தடைவதற்கு, வந்தடையுமானால், ஆண்டுகள் பல எடுக்கும்.